பாவனை விளையாட்டும் பாலர் கல்வியும்

கிராமத்துத் தெருவில் மத்தியான வேளையில் நடந்து செல்வோர், வேப்பமரத்தடியிலோ திண்ணையோரத்திலோ நான்கைந்து சிறு பிள்ளைகள் கூடியிருந்து, மண்ணைக் குவித்துச் சோறென்றும், செங்கல்லை இடித்து மிளகாய்ப் பொடியென்றும், தழையைக் கிள்ளிக் கீரையென்றும் வைத்துக்கொண்டு சமையல் செய்வதைக் கண்டிருப்பார்கள். அவர்களுள் ஒருத்தி தாயாரின் பழம் புடைவைத் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்காரியாகியிருப்பாள். ஒருவன் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு வயலிலிருந்து திரும்பியவனாக இருப்பான். பெரியவர்கள் இதைப் பார்த்தால் ஒன்று சிரிப்பார்கள், அல்லது, "புழுதியிலே என்ன கூத்து? போய்ப் புஸ்தகத்தை எடு" என்று அதட்டுவார்கள். சிரிப்பும் அதட்டலும் ஆகிய இரண்டும், அப்பிள்ளைகள் அப்பொழுது செய்துகொண்டிருக்கும் காரியம் இன்னதென்று அறியாமையால் விளைபவை. அக்காரியம் எத்தகையது என்பதையும், கிராம சேவையில் ஈடுபட்டோர் அதற்குச் செய்யக்கூடிய உதவி யாது என்பதையும் இங்கே விளக்க முயல்வோம்.

இவ்விளையாட்டு நமக்கு நூதனமானதன்று. மணலில் சிறு வீடு கட்டி ஆடும் சிறுமியரைச் சங்கச் செய்யுட்களிலேயே காண்கிறோம். பிற்காலத்துப் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடிய பொழுது அதன் கடைசி மூன்று பருவங்களாகச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவற்றை வைத்தனர். பறை கொட்டுவதும் தேர் உருட்டுவதும் பெரியோர் செய்யும் காரியங்களின் பாவனையே. சிற்றிற் பருவத்திலோ, தாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாமென்று சிறுமியர் அந்த ஆண் குழந்தையிடம் முறையிடுவர். அந்த வழக்கு இன்றளவும் ஒவ்வொரு தெருவிலும் நடந்து வருகிறதென்பதைத் தாய்மார் அறிவர். செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சிக்குத் துணி உடுத்திக் கல்யாணம் செய்து வைப்பதும், வாழைமட்டையில் சப்பரம் கட்டிச் சாமி புறப்பாடு நடத்துவதும், கயிற்றுக்குள் பத்துப் பேர் நின்று பஸ் ஓட்டுவதும் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஒன்று மற்றொன்றுக்காக நிற்றல்

குழந்தை ஏறக்குறைய ஒன்றரை வயதில் வெறும் டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோலச் செய்து சிரிக்கிறது. இரண்டு வயதில் கல் இட்டிலியாகிறது. மூன்று, நான்கு வயதில் மற்றப் பிள்ளைகளுடன் சேர்ந்து, ஆளுக்கொரு வேஷம் ஏற்று ஆடத் தொடங்குகிறது. ஏழெட்டு வயதுக்குமேல் பாண்டி, கில்லி முதலிய விதிமுறை ஆட்டங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுகின்றன. ஆகவே பாவனை விளையாட்டு உச்ச நிலையிலிருக்கும் காலம் மிகவும் சொற்பம். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னுமான காலம் அது.

ருஷியா தேசத்து மனோதத்துவ அறிஞராகிய வைகாட்ஸ்கி என்பவர் 1933-ம் வருஷம் லெனின்கிராட் நகரில் இவ்விஷயத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். மறு வருஷமே அவர் காலமானார். பிரசங்கம் அச்சேறியது 1966-ல்தான். குழந்தை ஒரு குச்சியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு குதிரையென்று ஓட்டும்பொழுது நிகழ்வது யாது என்று அவர் விசாரித்தார். அதற்குமுன் குழந்தைக்குக் குதிரை என்னும் சொல், கண்முன் நிற்கும் குதிரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விளையாட்டில் அந்தப் பொருள் குதிரையை விட்டுப் பிரிந்து குச்சியின்மேல் ஏறுகிறது. பின்னாளில் குச்சியும் வேண்டியதில்லை. மனத்திலேயே குதிரை ஓடும். பிரித்தெடுக்கும் இந்தச் சாமர்த்தியத்துக்கு முதற்படியாகக் குச்சி வேண்டியிருக்கிறது என்பது அவருடைய கருத்து.

இதை நம் பழக்கத்திலுள்ள காரியங்களோடு ஒத்துப் பார்க்கலாம். பலகையில் வளைத்துப் போட்ட கோடு 'அ' என்னும் ஓசைக்காக நிற்கிறது. காகிதத் துண்டு ஐநூறு ரூபாய்க்காக நிற்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ்புஸ்தகத்தில் எழுதிய எண் ஓர் அங்கத்தினர் செலுத்திய பணத்துக்காக நிற்கிறது. பத்து மூட்டை நெல்லை அளந்து போட்டுவிட்டு ஒரு ரசீதைப் பெற்றுக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புகிறவரும், ஒரு பொருள் மற்றொன்றுக்காக நிற்கும் என்பதை ஒப்புக்கொண்டவரே. கல்லை இட்டிலியென்று பரிமாறும் குழந்தையும் அதே ஜாதி மனவேலையைத்தான் செய்கிறது. மண்ணளைவது ஒன்று, எழுத்துக் கற்பது வேறொன்று என்று நாம் எண்ணுவது அவ்வளவு சரியன்று.

"ஆம்" என்னும் ஈறு

நம் பிள்ளைகள் ஆடும்பொழுது பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் ஒரு விசேஷம் புலனாகும். "நான்தான் கடைக்காரராம், நீ சாமான் வாங்க வர்றியாம், உன்கிட்டே காசு இல்லையாம்." ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஓர் 'ஆம்'. பாட்டி கதை சொல்லும்பொழுது, "ஓர் ஊரிலே ஒரு ராஜாவாம்" என்று வைக்கும் அதே ஆம். அயலூர்ச் செய்தியைக் கண்ணாற் காணாமல் கேட்டுச் சொல்லுகிறவர், "நேற்று அங்கே நல்ல மழையாம்" என்று சொல்லும் அதே ஆம். 'இது நான் கண்டதன்று; சொல்லப்பட்டது' என்பதற்கு நம் பாஷையிலுள்ள அடையாளம் அது. பாவனை உலகம் வேறு, மெய்யுலகம் வேறு என்று பிரித்து வேலி போடுவதற்கு நான்கு வயதுக் குழந்தை அதை எடுத்து வழங்குகிறது. யாரும் கற்றுக் கொடுத்து வந்ததன்று. பிள்ளைகள் பொய்யையும் மெய்யையும் குழப்பிக்கொள்ளுவார்களே என்று அஞ்சுவோர் இந்த ஓர் எழுத்தைக் கவனித்தால் போதும்.

ஆட்டத்துக்கு நடுவில் அவர்கள் வேலியைத் தாண்டி இப்பாலும் அப்பாலும் போய் வருவார்கள். "நீ இப்ப அழக் கூடாதுடா, நீ மாமனார்" என்று ஒருத்தி ஆட்டத்துக்கு வெளியே நின்று கட்டளையிடுவாள். அடுத்த நொடியில் குரலை மாற்றிக்கொண்டு, "வாங்க மாமா, உட்காருங்க" என்பாள். உண்மையில் ஆடுவதற்குச் செல்லும் நேரத்தில் பாதி, யார் எந்த வேஷம், அடுத்தது என்ன நடக்கவேண்டும் என்று பேசி முடிவு செய்வதிலேயே கழிகிறது. அதுவும் வீண்பொழுதன்று. தன் எண்ணத்தைப் பிறருக்கு விளங்கச் சொல்லவேண்டும். அவர் மறுத்தால் காரணம் காட்டவேண்டும். இணங்காவிட்டால் பாதியேனும் விட்டுக் கொடுக்கவேண்டும். இல்லையேல் ஆட்டமே கலைந்துவிடும். நம்முடைய மகாசபைக் கூட்டங்களில் இதே வேலை இத்தனை சுருக்காக முடிவதில்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது.

வேஷமும் அடக்கமும்

விளையாட்டென்றால் மனம் போனபடி செய்வது என்று நாம் நினைக்கிறோம். வைகாட்ஸ்கி அதற்கு நேர்மாறாகக் கண்டார். ஒரு வேஷத்தை ஏற்றுக்கொண்ட பிள்ளை, அந்த வேஷத்துக்குரிய விதிக்குத் தன்னைத் தானே உட்படுத்திக்கொள்ளுகிறது. வேர்க்கடலையைக் குவித்து வைத்துக் கடை போட்டிருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனைப் பார்த்திருக்கிறேன். சரக்கு மெய்யான வேர்க்கடலை. அவனுக்குப் பசியும் இருந்திருக்கும். ஆயினும் கடை நடந்த வரையில் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. "கடைக்காரர் திங்க மாட்டார்" என்றான். தாயார் வேண்டாமென்று சொல்லியிருந்தால் அவன் அத்தனை நேரம் கேட்டிருப்பானென்பது சந்தேகமே.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ருஷியாவில் மனுயிலென்கோ என்பவர் 1948-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிறு பிள்ளைகளை அசையாமல் நிற்கும்படி சொன்னார். வெறுமனே நில்லென்ற பொழுது சீக்கிரத்தில் அசைந்துவிட்ட பிள்ளைகள், காவற்காரனாக வேஷம் ஏற்றபொழுது நெடுநேரம் அசையாமல் நின்றனர். அமெரிக்காவில் 2017-ம் வருஷம் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், நான்கு வயதும் ஆறு வயதுமான 180 பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும் ஒரு வேலையைப் பத்து நிமிஷம் செய்யும்படி கொடுத்தார்கள். இஷ்டப்பட்டால் இடையில் எழுந்துபோய்க் கவர்ச்சியான வேறு விளையாட்டை ஆடலாம். ஒரு சாரார், 'நான் உழைக்கிறேனா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும். மற்றொரு சாரார் தம் பெயரைச் சொல்லி, 'அவன் உழைக்கிறானா?' என்று கேட்டுக்கொள்ளவேண்டும்; மூன்றாவது சாரார் பாட்மேன் முதலிய கதாபாத்திரங்களுள் ஒருவராக வேஷம் அணிந்து, 'பாட்மேன் உழைக்கிறாரா?' என்று கேட்டுக்கொள்ளவேண்டும். வேஷம் அணிந்தவர்களே அதிக நேரம் வேலையில் நிலைத்தனர். 'நான்' என்று கேட்டுக்கொண்டவர்கள் கடைசி.

வேஷத்துக்குத் துணி ஏன் வேண்டும் என்று கேட்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு அது அவசியமில்லை. மூன்று வயதுக் குழந்தையோ, தான் யாராக இருக்கிறோம் என்பதைத் தலையிலுள்ள முண்டாசினாலேயே நினைவில் வைத்துக்கொள்ளுகிறது. மற்றவர்களும் அதைப் பார்த்தே அதனிடம் பேசுகிறார்கள். ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம்: கடைக்காரராக இருக்கும் சிறுவன் கீழே விழுந்து அடிபட்டால், முண்டாசைக் கழற்றிவிட்டு அழுவான், அழுது முடிந்த பிறகு மறுபடியும் கட்டிக்கொண்டு கடைக்கு வருவான்.

இதற்கு வேண்டிய சாமான்களை நம் கிராமங்கள் ஏராளமாகத் தருகின்றன. தென்னையோலையில் கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும், சோளக் குஞ்சத்தில் மீசையும், ஆலிலையில் கிரீடமும் ஆகின்றன. ஒரு துண்டு இருந்தால் அதுவே முண்டாசு, அதுவே பின்னலிட்ட சடை, அதுவே இடுப்பில் தூக்கிய பிள்ளை, அதுவே தூளி, அதுவே ஆறு. கடையில் விற்கும் வீரனுடைய உடையோ அந்த ஒரு வீரனுக்கே ஆகும். மறுநாள் பூசாரியாக ஆசைப்பட்டால் அது உதவாது. விலை கொடுத்து வாங்கிய உடையைவிடப் பழந்துண்டு மேலானது என்பது என் அபிப்பிராயம்.

பாடசாலைகளில் வருஷத்துக்கொரு முறை நடைபெறும் மாறுவேஷப் போட்டியை இத்துடன் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. வாடகைக்குப் பிடித்த உடையில் வியர்த்துக்கொண்டு நின்று, மனப்பாடம் செய்த நான்கு வரியை ஒப்புவித்துவிட்டு இறங்கும் குழந்தை விளையாடவில்லை. ஆடுகிறவர்கள் அதன் பெற்றோர்.

கடை விளையாட்டு

பாவனை விளையாட்டுகளுள் நமது இலாகாவைச் சேர்ந்தோருக்கு மிகவும் அருகிலிருப்பது கடை விளையாட்டு. இரண்டு கொட்டாங்கச்சியைத் துளைத்துக் கயிறு கோத்து ஒரு குச்சியில் தொங்கவிட்டால் தராசு. குச்சியின் நடுவில் கயிறு கட்டாவிட்டால் ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் வாங்குகிறவன் சண்டைக்கு வருவான். ஆகவே நடுவைக் கண்டுபிடித்தே தீரவேண்டும். கல் நிறுவைக்கல்லாகிறது. பூவரசிலை பத்து ரூபாய் நோட்டு, வேப்பிலை ஒரு ரூபாய் என்று தாங்களே ஏற்படுத்திக்கொள்ளுகிறார்கள். மரத்திலேறி வேண்டியமட்டும் பூவரசிலை பறித்து வந்த ஒருவனை, "கள்ள நோட்டு" என்று மற்றவர்கள் விரட்டியதையும் கண்டதுண்டு.

கணக்கு விஷயத்தில் இதன் பிரயோஜனம் யாது? பிரேஸில் தேசத்து ரெஸிபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்துவந்த ஐந்து பிள்ளைகளை மூன்று ஆராய்ச்சியாளர் சோதித்து 1985-ல் வெளியிட்டனர். இளநீரும் பழமும் விற்குமிடத்தில் வாங்குகிறவர்போல நின்று கேட்ட கணக்குகளில் 100-க்கு 98 பங்கு சரியான விடை கிடைத்தது. அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபொழுது 37 பங்குதான் சரியாக வந்தது. கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் இதையே காட்டியது. அத்துடன் மறுபக்கத்தையும் காட்டியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடப் புஸ்தகத்துக் கணக்கு வருகிறது. சந்தைக் கணக்கு வரவில்லை. இரு கரைகளும் இருக்கின்றன, பாலத்தைக் காணோம்.

பிள்ளைகளைச் சந்தைக்கு வேலைக்கு அனுப்புவது அதற்குப் பரிகாரமாகாதென்று சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டுக் கடையில் அந்தப் பாலத்துக்கு ஓர் அஸ்திவாரம் போடலாமென்று நான் நம்புகிறேன். கடையில் விலைப்பட்டியல் ஒன்று எழுதி மாட்டட்டும். ஆறு வயதுக்கு மேற்பட்டவன் இருந்தால் சீட்டில் பற்று எழுதட்டும். வாய்க்கணக்காக வந்த தொகை எழுத்துக்கணக்காகவும் அங்கேயே மாறிவிடுகிறது.

இதில் உபாத்தியாயர் அல்லது அங்கன்வாடி அம்மாள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தைச் செய்வது எளிதன்று. இஸ்ரேல் தேசத்தில் ஸாரா ஸ்மிலான்ஸ்கி என்னும் அம்மையார் 1968-ல் வெளியிட்ட நூலில், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் பாவனை விளையாட்டில் பெரியவர்கள் தக்கபடி கலந்துகொண்டபொழுது விளையாட்டும் பேச்சும் விருத்தியடைந்ததைக் காட்டினார். தக்கபடி என்றால் வேஷத்தோடு வரவேண்டும் என்பது பொருள். "ஏம்பா, அரைக் கிலோ துவரம்பருப்பு என்ன விலை? என்னிடம் இந்த ஒரு நோட்டுத்தான் இருக்கிறது, மீதி கொடுப்பாயா?" என்று கேட்கும் அம்மாள் வாடிக்கைக்காரர். "நூறிலிருந்து எழுபத்தைந்து போனால் எத்தனை? சொல்லு, சொல்லு" என்று கேட்கும் அம்மாள் பரீக்ஷாதிகாரி, அவர் வாய் திறந்த மாத்திரத்தில் கடை மறைந்து வகுப்பு வந்துவிடும். விடை தப்பானாலும் அங்கே திருத்த வேண்டியதில்லை. "மீதி குறைகிறதே" என்று வாடிக்கைக்காரர் முணுமுணுத்தால் போதும். சாமானை வாங்கிக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் புறப்பட்டுவிடவேண்டும்.

மறுப்புகள்

எல்லா அறிஞரும் இவ்விளையாட்டைக் கொண்டாடினார்களென்று எழுதினால் அது சரியாகாது. 1939-ம் வருஷம் சென்னை அடையாற்றுக்கு வந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மாண்டிஸோரி அம்மையார் பாவனையை அவ்வளவாக மதிக்கவில்லை. 1907-ல் ரோமாபுரியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் விளையாட்டுச் சாமான்களும் வைக்கப்பட்டிருந்தன; பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டு மெய்யான வேலைகளையும் கல்விச் சாதனங்களையுமே நாடியதை அவர் கண்டார். பொய்ச் சமையலைவிட மெய்யாகவே காய் நறுக்குவதையும் மேஜை துடைப்பதையும் குழந்தை விரும்பும் என்பது அவர் கொள்கை. அதில் உண்மையுண்டு. ஆனால் நமது கிராமத்துக் குழந்தைகளுக்கு மெய்யான வேலை குறைவாகக் கிடைப்பதில்லை. ஐந்து வயதில் பெருக்கியும், ஏழு வயதில் தண்ணீர் சுமந்தும், எட்டு வயதில் ஆடு மேய்த்தும் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அவர்களுக்குக் கிடைக்காதது மற்றது.

மற்றொரு மறுப்பு இன்னும் வன்மையானது. பாவனை விளையாட்டினால் புத்தி வளரும் என்று கூறும் ஆராய்ச்சிகளை ஆஞ்ஜெலின் லில்லார்டு என்னும் அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் ஒருங்கே பரிசீலித்து 2013-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பல ஆராய்ச்சிகள் செம்மையாக நடத்தப்படவில்லையென்றும், வளர்ச்சிக்கு இவ்விளையாட்டு இன்றியமையாதது என்பதற்குச் சான்று போதாதென்றும் அவர்கள் முடிவு கூறினர். பேச்சிலும் கதை சொல்லும் திறமையிலும் பலன் இருக்கக்கூடும். மற்றவற்றில் வேறு வழிகளும் அதே பலனைத் தரலாம். ஆகையால், வேஷம் கட்டி ஆடினால் பிள்ளை கணக்கில் முதலாவதாக வருமென்று பெற்றோருக்கு வாக்களிக்க நமக்கு உரிமையில்லை. மருந்து விற்பவர்போல இதை விற்கவும் வேண்டாம். மூன்று வயதுக் குழந்தையை உட்காரவைத்து மணிக்கணக்காக எழுத்தை வரையச் செய்வதைக் காட்டிலும் இந்த ஆட்டத்தில் பேச்சும் யோசனையும் அடக்கமும் அதிகமாகப் பழகுகின்றன என்று சொல்லலாம். அதற்கு அரை மணி நேரம் நின்று பார்ப்பதே சாட்சி.

யாருக்கு எந்த வேஷம்

இனிச் சொல்லப் போவதைக் கிராமத் தலைவர்கள் விசேஷமாகக் கவனிக்கவேண்டும். பிள்ளைகள் ஆடும் பாவனை ஊரின் கண்ணாடி. நியாய விலைக் கடை விளையாட்டு ஒன்றைப் பார்த்தேன். தீப்பெட்டியின்மேல் ஒவ்வொருவராக வந்து விரல் வைத்தார்கள். அது கைரேகை இயந்திரம். கடைக்காரச் சிறுமி நிமிர்ந்து பாராமலே, "சர்க்கரை இன்னும் வரலை, நாளைக்கு வா" என்றாள். அவளுக்கு அதை யார் கற்றுக் கொடுத்தார்கள்? இன்னொரு கிராமத்தில் சங்க ஆபீஸ் விளையாட்டு நடந்தது. இன்ஸ்பெக்டராக வந்த சிறுவன் ஓலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான், காபி வந்தது, குடித்தான், ஒருவனை அதட்டினான், ஓரிடத்தில் கையெழுத்துப் போட்டான், எழுந்து போய்விட்டான். கணக்குப் புஸ்தகத்தைத் திறக்கவே இல்லை. சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

இவை சிறிய விஷயங்கள். பெரிய விஷயம் ஒன்றுண்டு. ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே அங்கன்வாடியில் சேர்ந்து ஆடும்பொழுது முண்டாசு யார் தலையில் இருக்கிறது, துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். சட்டமும் பாடப் புஸ்தகமும் யாவரும் சமம் என்கின்றன. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை ஒரு சிறுமி தினந்தோறும் வாசல் பெருக்குகிறவளாகவும், கடன் கேட்டுத் தள்ளி நிற்கிறவளாகவுமே வேஷம் ஏற்றால், பழகப் பழக வேஷமே அவளுக்கு இடமாகிவிடும். அதுபோலவே பெண் பிள்ளைகள் எப்பொழுதும் சமைப்பவராகவும், ஆண் பிள்ளைகள் எப்பொழுதும் டிரைவராகவும் இருப்பார்கள். வேஷத்தின் விதிக்குப் பிள்ளை தன்னை உட்படுத்திக்கொள்ளுகிறது என்று மேலே கூறினோம். அந்தச் சக்தி நல்ல பக்கமாகவே வேலை செய்யும் என்பதற்கு நிச்சயமில்லை.

இதற்குப் பிரசங்கம் செய்து பயனில்லை. நான்கு வயதுக்குப் பிரசங்கம் புரியாது. புரிகிற வயதுக்காரர்கள் கேட்பதில்லை. ஓர் ஏற்பாடு செய்யலாம்: முண்டாசு கைமாறவேண்டும். தினம் ஒருவர், பெயர் வரிசைப்படி. அல்லது சீட்டுப் போட்டு. வேறு எதிலும் அம்மாள் தலையிட வேண்டாம். இந்த ஒன்றில் மாத்திரம் விட்டுக் கொடுக்க வேண்டாம். இவ்வாறு செய்த ஓர் அங்கன்வாடியில் காலனிச் சிறுமி ஒருத்திக்கு முதல் முறையாகத் தராசு வந்தது. இரண்டு தட்டும் சமமாக நிற்கும்வரையில் மணலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு நிறுத்தாள். கடனுக்குக் கேட்டு வந்த பெரிய வீட்டுப் பையனை ஏற இறங்கப் பார்த்து, "பழைய பாக்கி இருக்கு. சரி, குழந்தைக்குத்தானே, எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். அந்தச் சொல்லை அவள் எந்தக் கடை வாசலில் கேட்டாளோ, அல்லது கேட்க விரும்பினாளோ, தெரியாது.

இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு ஓரமாக நின்று பார்க்கும் ஏழெட்டு வயதுச் சிறுமிகளையும் மறத்தலாகாது. அவர்களுக்குப் பிள்ளை வளர்ப்பு பாவனையன்று. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் தம்பியை ஒழுங்காகச் சேர்த்தால், அக்காளுடைய இடுப்பு காலியாகும். அவளும் இரண்டு நாழிகை ராணியாக இருக்கலாம்.

சாமான்களும் எச்சரிக்கையும்

பழந்துண்டு பத்து, கிழிந்த சட்டை நாலைந்து, தாவணித் துண்டு, முறம், அகப்பை, மூடி திருகிய காலி டப்பாக்கள், அட்டைப் பெட்டி, முடிந்துபோன காலண்டர், எழுதாத பக்கமுள்ள பழைய ரசீதுப் புஸ்தகம் ஆகிய இவ்வளவும் ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கும். பணச் செலவு இல்லை. நேரம்தான் வேண்டும்: ஒரே தொடர்ச்சியாக முக்கால் மணிக்குக் குறையாமல். வேஷம் பிரிப்பதிலேயே முதற் கால்மணி போய்விடுமாகையால், இருபது நிமிஷத்தில் மணியடித்தால் ஆட்டம் தொடங்கும்பொழுதே முடிந்துவிடும்.

பிள்ளைகள் காசாகவும் பருப்பாகவும் எடுத்தாளும் விதைகளில் ஜாக்கிரதை வேண்டும். குன்றிமணி பார்வைக்கு அழகு. மென்று விழுங்கினால் உயிருக்கே அபாயம். ஆமணக்கு, அரளி, ஊமத்தை விதைகளும் அத்தகையவையே. வேலியோரத்திலிருந்து அவை பெட்டிக்குள் வந்துவிடாமல் தினமும் பார்க்கவேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோர் இருந்தால் புளியங்கொட்டையும் வேண்டாம். மூக்கிலும் தொண்டையிலும் போட்டுக்கொள்ளுவார்கள். கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டும் வேஷமும், தலையில் பிளாஸ்டிக் பை மாட்டும் வேஷமும் கூடா. அடுப்பு மண்ணடுப்பாக இருக்கட்டும். நெருப்பு பாவனையாகவே இருக்கட்டும். ஒரு தலையிலிருந்து மற்றொரு தலைக்கு முண்டாசு போவதால் பேனும் போகும். சனிக்கிழமைதோறும் துணிகளைக் கொதிநீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும். பெட்டியைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கலாம். பூட்டு வேண்டுவதில்லை, காணாமற் போகும் துண்டுகளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி யாரிடமும் விலை வசூலிக்க வேண்டுவதுமில்லை.